வாசலுக்கு வராதவர்

நீதி தவறாத அரசனைப் பற்றிச் சொல்லப் புகும்போது, நம் முன்னோர் முதலில் அவனுடைய அரண்மனை வாசலில் ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டு விடுவார்கள். திருவாரூர் மனுநீதிச் சோழனின் வாசலில் ஆராய்ச்சி மணி இருந்தது. கன்றை இழந்த பசுவொன்று அதனை இழுத்து அடித்தது என்பது தமிழ் மண்ணில் பிறந்த குழந்தைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. 1605ஆம் ஆண்டு அரியணை ஏறிய மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தாம் பிறப்பித்த முதல் ஆணையே நீதிச் சங்கிலி ஒன்றைக் கட்டுமாறு இட்ட ஆணைதான் என்று தமது நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஆக்ராக் கோட்டையிலிருந்து யமுனைக் கரையில் நட்ட கல்தூண் வரை நீண்ட அந்தப் பொற்சங்கிலியில் 60 மணிகள் கோக்கப்பட்டிருந்தன.

கதையாயினும் வரலாறாயினும், இவற்றைக் கேட்கும்போது நம் நெஞ்சு நிறைகிறது. எளியவனின் கை எட்டும் தூரத்தில் அரசனின் செவி இருந்ததே என்று மகிழ்கிறோம். ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வியை நாம் கேட்க மறந்து விடுகிறோம். அந்த மணி ஏன் தேவைப்பட்டது? ஜஹாங்கீர் அதற்கும் விடை எழுதியிருக்கிறார். நீதி வழங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் காலம் தாழ்த்தினாலோ நேர்மை பிறழ்ந்தாலோ, பாதிக்கப்பட்டவன் நேரே வந்து சங்கிலியை அசைக்கட்டும் என்பதே அவர் கருத்து. அப்படியானால் அந்த மணி அரசனின் அருளுக்குச் சான்று. அதே நேரத்தில் அவனுடைய ஆட்சியின் குறைக்கு அவனே தந்த ஒப்புதல் வாக்குமூலம்.

இந்த இரண்டில் எது பெரிது? வாசலுக்கு வந்து மணியை அடித்தவனுக்கு உடனே நீதி வழங்குவதா, மணியே அடிக்கத் தேவையில்லாத நாட்டை உண்டாக்குவதா? அரசர்கள் காலத்தோடு முடிந்துபோன கேள்வியன்று இது. அண்டை மாநிலத்தில் அண்மைக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் நீண்ட பொதுவாழ்வு, இந்தக் கேள்வியை நம் முன் மீண்டும் கொண்டுவந்து வைக்கிறது.

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் உள்ள புதுப்பள்ளித் தொகுதி 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் 26 வயது இளைஞர் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் பெயர் உம்மன் சாண்டி. மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவர். அன்று அனுப்பிய தொகுதி பிறகு அவரைத் திரும்ப அழைக்கவேயில்லை. 1977, 1980, 1982, 1987, 1991, 1996, 2001, 2006, 2011, 2016, 2021 என்று தொடர்ந்து, மொத்தம் 12 முறை அதே தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது. பாலா தொகுதியின் கே. எம். மாணி நெடுங்காலம் வைத்திருந்த சாதனையை 2022 ஆகஸ்டில் கடந்து, கேரளச் சட்டமன்றத்தில் மிக நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் என்ற பெயரையும் அவர் பெற்றார். 2023 ஜூலை 18ஆம் நாள் பெங்களூரில் அவர் உயிர் பிரிந்தபோதும் புதுப்பள்ளியின் உறுப்பினர் அவரே.

இந்த 53 ஆண்டுகளில் அவர் தொழிலாளர் துறை, உள்துறை, நிதித்துறை ஆகியவற்றுக்கு அமைச்சராக இருந்தார். 2004 முதல் 2006 வரையும் 2011 முதல் 2016 வரையும் முதலமைச்சராக இருந்தார். ஆயினும் கூட்டிப் பார்த்தால், ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம் 12 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். எஞ்சிய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவர் வெறும் சட்டமன்ற உறுப்பினர். அந்த ஆண்டுகளிலும் அவர் வீட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை என்பதே அவரைப் பற்றி எல்லாரும் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுப்பள்ளி வீட்டில் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். சீவாத தலையும் கசங்கிய வெள்ளைச் சட்டையுமாக அவர் அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று, நீட்டப்படும் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துக் குறிப்பெழுதித் தருவார். திருவனந்தபுரத்தில் கட்டிய வீட்டுக்கும் அவர் வைத்த பெயர் புதுப்பள்ளிதான்.

முதலமைச்சரானதும் இந்த வாசலை அவர் மாநிலம் முழுமைக்கும் விரித்தார். மாவட்டந்தோறும் சென்று மக்களை நேரில் கண்டு குறை கேட்கும் 'ஜனசம்பர்க்கப் பரிபாடி' நடந்தது. மனுக்கள் முன்னதாகவே பெறப்பட்டு, துறை அதிகாரிகள் ஒரே இடத்தில் கூட்டப்பட்டு, முடிவுகள் அங்கேயே அறிவிக்கப்பட்டன. சிகிச்சைக்குப் பணமில்லாதவர், குடும்ப அட்டையில் வறியவர் என்ற வகைப்பாடு கிடைக்காதவர், பட்டாவுக்கு அலைந்து சலித்தவர், படுக்கையோடு தூக்கி வரப்பட்ட நோயாளி ஆகிய எல்லாரிடமும் அவர் சென்று குனிந்து பேசினார். காலையில் தொடங்கும் நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டியும் நீளும்; உட்காராமல் நின்றபடியே அவர் மனு வாங்குவார். 2013ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் சேவை விருது இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தது.

ஆள்பவன் காண்பதற்கு எளியவனாக இருக்க வேண்டும் என்பதை அரசனின் இலக்கணமாகவே வள்ளுவர் வகுத்தார். அந்த அளவுகோலால் அளந்தால் இவர் உயர்ந்து நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. பதவி ஏற்றவுடன் வாசலில் காவலைப் பெருக்கி, மக்களுக்கும் தமக்கும் இடையே சுவர் எழுப்பிக்கொள்பவர்கள் மலிந்த நாட்டில், சுவரே இல்லாமல் அரை நூற்றாண்டு வாழ்வது எளிதன்று. பொறுமை என்பது ஒரு நாள் பூண்டு மறுநாள் களையும் அணியன்று. ஆயிரம் பேரில் ஆயிரமாவது மனிதரிடமும் எரிச்சல் காட்டாமல் பேசுவதற்கு நெஞ்சில் ஈரம் வேண்டும்.

ஆயினும் எதிர்க்கட்சியினர் அன்று ஒரு குறையைச் சொன்னார்கள். கிராம அலுவலர் செய்ய வேண்டிய வேலையை முதலமைச்சர் செய்துகொண்டிருக்கிறார் என்பதே அது. அரசியல் பகையில் பிறந்த சொல் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் பகைவன் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதானே? ஓர் ஏழைக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய குடும்ப அட்டை, முதலமைச்சர் நள்ளிரவில் நின்று கையெழுத்திட்டால்தான் கிடைக்கும் என்றால், அந்தக் கையெழுத்தைப் பாராட்டுவதா, அதற்கு முன் அந்த ஏழையை அலைக்கழித்த மேசைகளை நினைத்து வெட்கப்படுவதா?

இதைவிடக் கூர்மையான இன்னொரு கேள்வியும் உண்டு. வந்தவருக்குக் கிடைத்தது, வராதவர் என்ன ஆனார்?

இந்தக் கேள்வி நூலில் படித்து எனக்கு வந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரியம்மா விதவை உதவித்தொகைக்கு மனுச் செய்திருந்தார். பெரியத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அத்தா, தமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்து ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார்கள். மூன்றே வாரத்தில் ஆணை வந்துவிட்டது. வீட்டில் அன்று பாயசம் காய்ச்சினோம். அந்த உறுப்பினரை எல்லாரும் வாயார வாழ்த்தினோம்.

பெரியம்மாவோடு சேர்ந்து அதே நாளில், அதே தாள்களோடு மனுக் கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு மாமி. இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தையல் தைத்துப் பிழைத்தவர். பாயசக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு செய்தியைக் கேட்டவர், "ரொம்ப சந்தோசம் தம்பி. உங்களுக்குச் சொல்ல ஆள் இருந்துச்சு. எனக்கு அல்லாதான்" என்றார். அதில் பொறாமை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. உள்ளதைச் சொன்னார். அவருக்கு ஆணை வர மேலும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்தக் கிண்ணத்தைக் கொடுத்த கை என்னுடையது என்பதால், இந்தக் கணக்கு இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

அத்தா செய்தது தவறா? கணவனை இழந்த அண்ணிக்காக ஓடி அலைவது எப்படித் தவறாகும்? கடிதம் கொடுத்த உறுப்பினர் தவறு செய்தாரா? உரியதைத்தான் கேட்டார், ஒரு காசும் வாங்கவில்லை. இப்படி ஒவ்வொருவராகப் பார்த்தால் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்திய அந்தக் காரியத்தின் முடிவில், இரண்டு கைம்பெண்களில் ஆளில்லாதவர் பின்னால் தள்ளப்பட்டார். அதிகாரியின் மேசையில் ஒரு மனு மேலே ஏறினால் இன்னொரு மனு கீழே இறங்கத்தான் செய்யும். கருணை கண்ணுக்குத் தெரிகிறது. அது விளைக்கும் அநீதி கண்ணுக்குத் தெரிவதில்லை. அநீதிக்கு ஆளானவர் அந்த இடத்தில் இருப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

கருணைக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. கருணை, கண்முன் நிற்கும் முகத்தைப் பார்க்கிறது. நீதி, கண்ணுக்குத் தெரியாத முகங்களையும் எண்ணிப் பார்க்கிறது. தனி மனிதன் தன் சொந்தப் பொருளைக் கொண்டு கருணை செய்யும்போது, வாசலுக்கு வந்தவனுக்குக் கொடுத்தாலே போதும். வராதவனைத் தேடவில்லை என்று யாரும் அவனைக் குற்றஞ்சொல்ல மாட்டார்கள். ஆனால் பொதுப்பொருளும் பொது அதிகாரமும் அமானிதம். பலருக்குரியதை ஒருவர் கையில் ஒப்படைத்து வைத்திருக்கிறோம். அவர் அதைப் பகிரும்போது, வந்து நிற்பவருக்கு உள்ள உரிமை வராதவருக்கும் உண்டு. எனவே பொதுவாழ்வில் உள்ளவரை அளக்கும் கோல், அவர் வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது மட்டுமன்று. வாசலுக்கு வராதவருக்கு அவர் என்ன செய்தார் என்பதுமாகும்.

இந்தக் கோலை வைத்துப் பார்த்து, உம்மன் சாண்டியின் வழி பிழை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அவசரப்படலாகாது. அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும்.

முதலாவது, நோயும் பசியும் சட்டம் திருந்தும்வரை காத்திருப்பதில்லை. ஆற்றில் மூழ்குபவனைப் பார்த்து, கரை நெடுகச் சுவர் கட்டத் திட்டம் போடுகிறேன் என்று சொல்பவன் அறிவாளியாக இருக்கலாம். மனிதனாக இருக்க முடியாது. அமைப்பு திருந்தட்டும் என்று சொல்லி, முன்னால் நிற்பவனைக் கைவிடுவது நீதியின் பெயரால் செய்யும் கல்நெஞ்சத்தனம்.

இரண்டாவது, வந்தவனின் குறையைக் காது கொடுத்துக் கேட்காதவனுக்கு, வராதவனின் குறை எப்படித் தெரியும்? ஒரே விதமான மனு நூறு பேரிடமிருந்து வரும்போதுதான், பிழை மனுதாரரிடம் இல்லை, விதியில் இருக்கிறது என்பது விளங்குகிறது. அந்த நிகழ்ச்சிகளில் குவிந்த மனுக்களின் பயனாகப் பழைய விதிகள் பல திருத்தப்பட்டு அரசாணைகள் வெளிவந்தன. பிறவியிலேயே செவிப்புலன் இழந்த ஏழைக் குழந்தைகளுக்குக் காதினுள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு அரசே செலவிடும் 'ஸ்ருதி தரங்கம்' என்னும் திட்டம் 2012ஆம் ஆண்டு அவருடைய ஆட்சியில்தான் வந்தது. பல லட்சம் ரூபாய் பிடிக்கும் சிகிச்சை அது. ஒரு குழந்தைக்கு நிவாரண நிதியிலிருந்து பணம் கொடுத்தால் அது கருணை. அந்தக் குறையோடு பிறக்கும் எந்த ஏழைக் குழந்தைக்கும் கிடைக்கும்படி விதி வகுத்தால், அந்தக் கருணையே நீதியாகிவிடுகிறது. முதலமைச்சரின் முகத்தை ஒருபோதும் பாராத ஒரு தாய்க்கும் அங்கே பங்கு கிடைக்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே 2012ஆம் ஆண்டில் கேரளத்தில் சேவை பெறும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்ன சான்றிதழை இத்தனை நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், காரணமின்றிக் காலம் தாழ்த்திய அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாம் என்று கூறும் சட்டம் அது. 2010இல் மத்தியப் பிரதேசம் முதலில் இத்தகைய சட்டத்தைக் கொண்டு வந்தது. பின்னர் வேறு மாநிலங்கள் பின்பற்றின. மணியை அடிக்கத் தேவையில்லாத ஆட்சிக்கு வரையப்பட்ட வரைபடம் என்றே இச்சட்டத்தைச் சொல்ல வேண்டும். அதை நிறைவேற்றியது உம்மன் சாண்டியின் அரசு. ஆயினும் அதன் பிறகு 2013இலும் 2015இலும் அவருடைய நேர்காணல்கள் மீண்டும் நடந்தன. மீண்டும் கூட்டம் அலைமோதியது. சட்டம் ஏட்டில் இருந்தது. மக்களோ மணியைத் தேடி வந்தார்கள்.

ஏன் அப்படி? சட்டத்தின் மீது நமக்கு நம்பிக்கை இல்லை. ஆளின் மீது இருக்கிறது. சட்டத்துக்கு முகமில்லை, அது நம் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்வதில்லை. அலுவலருக்கும் சட்டத்தைவிட மேலிடத்துச் சொல்லே அச்சமூட்டுகிறது. தலைவருக்கோ, சட்டத்தால் தானே கிடைத்துவிடும் பயனுக்கு நன்றி சொல்ல யாரும் வருவதில்லை. தாம் எழுதிக் கொடுத்த கடிதத்தால் கிடைத்ததற்கு நன்றி கிடைக்கிறது; தேர்தலில் அந்த நன்றி வாக்காகிறது. இப்படி மூவரும் சேர்ந்து, சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஆளிடம் ஒப்படைத்து விடுகிறோம்.

சட்டமன்ற உறுப்பினர் என்ற சொல்லின் பொருளையே நாம் மறந்துவிட்டோம் என்பதும் இதிலிருந்து விளங்கும். சட்டம் இயற்றவும், வரவு செலவைத் துருவிப் பார்க்கவும், அமைச்சரை எழுப்பிக் கேள்வி கேட்கவும் அவரை அனுப்புகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் நாம் கேட்பது என்ன? என் மகனுக்கு வேலை, என் மருமகனுக்கு இடமாறுதல், என் தெருவுக்கு விளக்கு. மன்றத்தில் எந்த மசோதாவின்போது நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எந்த வாக்காளர் கேட்கிறார்? 1985ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சி விட்டுக் கட்சி தாவும் இழிவைத் தடுக்க அது தேவையாயிருந்தது. ஆனால் கட்சியின் ஆணைப்படியே வாக்களிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதனோடு வந்தது. மன்றத்தில் கை கட்டப்பட்ட உறுப்பினருக்கு, தம் கை உண்மையிலேயே அசையும் இடமாக எஞ்சியது வீட்டுத் திண்ணைதான். மனு வாங்கும் கையாக அவர் மாறியதில் அவருடைய பங்கு பாதி என்றால், நம்முடைய பங்கு மறுபாதி.

திறந்த வாசலுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. எளியவன் நுழையும் வாசல் வழியே சூழ்ச்சிக்காரனும் நுழைவான். 2011இல் தம் அலுவலக நடவடிக்கைகளை எவரும் எந்நேரமும் இணையத்தில் காணலாம் என்று உம்மன் சாண்டி ஏற்பாடு செய்தார். ஆனால் 2013இல் சூரிய மின்சார மோசடி வழக்கு வெளிவந்தபோது, மோசடி செய்தவர்களோடு தொடர்பு வைத்திருந்ததாக அவருடைய அலுவலக ஊழியர்கள் சிலரே பதவி இழக்க நேர்ந்தது. அவர் மீதே சுமத்தப்பட்ட ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை 2022இல் முடிவு கூறியது. அதற்கு இடைப்பட்ட ஆண்டுகள் அவருக்குக் கசப்பானவை. ஆளை நம்பி நடக்கும் ஆட்சியில், அந்த ஆளைச் சுற்றி நிற்பவர்கள் விலை பெறுகிறார்கள். வாசல் எவ்வளவு அகலமாயினும் அதன் அருகில் நிற்பவன் ஒருவன் இருப்பான். காலப்போக்கில் அவனே வாசலாகிவிடுவான். விதியால் நடக்கும் ஆட்சியில்தான் அவனுக்கு வேலை இல்லாமல் போகும்.

அரை நூற்றாண்டுக் காலம் ஒருவரே ஒரு தொகுதிக்கு உறுப்பினராக இருப்பது நல்லதா என்று கேட்பவர்களும் உண்டு. இது நியாயமான கேள்வியே. ஒப்படைக்கப்பட்ட பொருளை நெடுநாள் கையில் வைத்திருப்பவனுக்கு அது தன் சொந்தப் பொருள் போலத் தோன்றத் தொடங்குவது மனித இயல்பு. ஆனால் புதுப்பள்ளி மக்கள் அவருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு முறையும் எதிர்த்து நின்றவர் இருந்தார். 2011இல் 33 ஆயிரத்துக்கு மேல் இருந்த வாக்கு வேறுபாடு, 2021இல் 9,044 ஆகச் சுருங்கியது. அவர் மறைந்தபின் 2023 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில், 53 ஆண்டுகளில் இத்தொகுதி என்ன வளர்ச்சி கண்டது என்ற கேள்வியையே எதிரணியினர் முன்வைத்தார்கள். மக்கள் அதனைக் கேட்டார்கள். பிறகு அவருடைய மகனை 37,719 வாக்கு வேறுபாட்டில் வெற்றிபெறச் செய்தார்கள். தந்தைக்கே கிடைத்திராத வேறுபாடு அது.

இதனை நன்றி என்பதா, வாரிசுரிமை என்பதா? இரண்டும் கலந்தே இருந்திருக்கும். நன்றி உயர்ந்த பண்பு. ஆனால் நன்றி வேறு, கணக்குக் கேட்பது வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. தமக்கு உதவி செய்தவரிடம் கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயல் என்று எண்ணும் மக்கள், தங்கள் உரிமையை உதவியாக மாற்றிக்கொண்டு விடுகிறார்கள். உரியதைத் தந்தவருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அது உரியது என்பதை மறந்துவிடலாகாது.

2023 ஜூலை 19ஆம் நாள் காலையில் திருவனந்தபுரத்திலிருந்து அவருடைய உடலை ஏற்றிய பேருந்து கோட்டயம் நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம். சில மணி நேரப் பயணம். ஆனால் வழிநெடுக மக்கள் நின்றதால், ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து மறுநாள்தான் அது கோட்டயத்தை அடைந்தது. அவருடைய விருப்பப்படி அரசு மரியாதைகள் தவிர்க்கப்பட்டன. அந்தச் சாலையோரத்தில் நள்ளிரவிலும் நின்றவர்கள், யாரும் அழைத்து வந்த கூட்டமன்று. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தாளை அவரிடம் நீட்டியவர்களும், அவர்தம் பிள்ளைகளும் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இத்தகைய கண்ணீரை விலைக்கு வாங்க முடியாது.

அடுத்து வந்த நாட்களில் மற்றொரு செய்தியும் வந்தது. புதுப்பள்ளியில் அவருடைய கல்லறைக்கு வந்தவர்களில் சிலர், தங்கள் குறைகளைத் தாளில் எழுதி அங்கே வைத்துவிட்டுச் சென்றார்கள். மறைந்த மனிதரிடமும் மனு!

இதைப் படித்தபோது, இதைவிடப் பெரிய புகழ் ஒரு பொதுநலத் தொண்டருக்கு வேண்டுமா என்று முதலில் எண்ணினேன். அடுத்த கணம் நெஞ்சு கனத்தது. உயிரோடு இருக்கும் எந்த அலுவலகத்திலும், எந்த மேசையிலும் அந்தத் தாளை வைப்பதற்கு இடமில்லை என்று அல்லவா அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்! அந்த மனிதர் 53 ஆண்டுகள் ஓயாமல் ஒலித்த மணியாக இருந்தார். மணி ஓய்ந்த பிறகும் சங்கிலியை இழுத்துப் பார்க்கும் கைகள் எஞ்சி நிற்கின்றன. அந்தக் கைகள் அவருடைய அன்புக்குச் சாட்சி. ஒரு தனி மனிதரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், அது அவரோடு மறைந்துவிடக் கூடியது என்பதற்கும் அவையே சாட்சி. அவர் ஆட்சியில் விதியாக மாறிய கருணைக்கு இந்த இழப்பு இல்லை. அவ்விதி உள்ளவரை, அவர் பெயரையே அறியாத ஒரு குழந்தையின் செவியிலும் அது ஒலிக்கும்.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு நான் கண்ட விடை இது. வாசலைத் திறந்து வை. அது முதல் கடமை. வந்தவனைக் கனிவோடு கேள். அது இரண்டாம் கடமை. ஆனால் அவன் போனபின், இன்னும் எத்தனை பேர் இதே தாளோடு வர முடியாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அவர்கள் வரவே தேவையில்லாதபடி விதியைத் திருத்து; அதுவே கடமையின் நிறைவு. முதல் இரண்டையும் செய்பவரை மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மூன்றாவதைச் செய்பவரை மக்கள் மறந்துவிடவும் கூடும். மறக்கப்படுவோம் என்று தெரிந்தும் அதைச் செய்பவரே அமானிதத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தவர்.

நமக்கும் இதில் கடமை உண்டு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் நம் வீட்டுத் தாளை நீட்டுவதற்கு முன், நம் தெருக்கோடியில் ஆளில்லாமல் இருப்பவருக்கும் இது கிடைக்க என்ன வழி செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். எங்கள் தெருவில் அந்த மாமி இன்று இல்லை. அன்று அவர் வீட்டு வாசலில் பாயசக் கிண்ணத்தோடு நின்றபோது நான் சிறுவன். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.